ஏரி உள்வாயில் 500 மரக்கன்று நடலாமா? (பள்ளிக்கரணை வடிநிலம், தென்சென்னை)

கரையோரம்:

வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்புக்கு மேற்கே இருக்கும் ஏரிகளில் ஒன்றை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. ஏரி ஏறத்தாழ 45 ஏக்கர். கரையின் நீளம் 900 மீட்டர். கலங்கல் (உபரி நீர் வழியும் சுவர்) தாண்டும் தண்ணீர் கால்வாய் வழியாகச் சதுப்பில் சேர்கிறது.

ஒரு நிறுவனம் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியில் 500 மரக்கன்றும் நடுவதற்குத் தன்னார்வலர்களும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்றே நட்டுவிட வேண்டும் என்கிறார்கள். சங்கத்தில் பேசியபடி கரைமேல் 100, மீதி 400 மேற்குப் பக்க உள்வாயில் (ஏரிக்குள் நீர் தேங்கும் தரை). அந்த இடம் பிப்ரவரியிலேயே வற்றி, சேறும் கோரையுமாகச் சும்மா கிடக்கிறது. வீணாகக் கிடப்பதற்கு ஒரு குறுங்காடாவது வரட்டுமே என்ற எண்ணம்தான்.

போன வருடம் ஒப்பந்தக்காரர் ஒருவர் கிழக்குப் பக்கம் 6 ஏக்கரைத் தோண்டி ஆழப்படுத்தினார். மீதியையும் அதேபோல் செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறோம். வரத்துக் கால்வாய் வாயிலிருந்து ஏரியில் மூன்றில் ஒரு பங்கு ஆகாயத்தாமரை. அதை முழுக்க எடுக்க வேண்டும். பாம்பு வருகிறது என்று சிலர் பயப்படுவதால் கரைப் புதர்களை அடியோடு வெட்டிவிடலாம் என்றும் பேச்சு.

பறவைகள் வர வேண்டும், ஏரி உயிரோடு இருக்க வேண்டும். நோக்கம் அவ்வளவுதான். என்ன கன்று, எவ்வளவு இடைவெளி, எங்கே தப்பு நடக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகடி:

நடுவதற்கு முன்னால் கேட்டது நல்லதாகப் போயிற்று. முதலில் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். நீர்வளத் துறையா, மாநகராட்சியா? யாராக இருந்தாலும் கரையிலோ உள்வாயிலோ ஒரு கடப்பாரை இறங்குவதற்கு முன் எழுத்தில் அனுமதி வேண்டும். கிராமப் புலப்படத்தை வாங்கி ஏரி எல்லையை மண்ணில் அடையாளம் காணுங்கள். 2007-ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அந்த எல்லையை வைத்துத்தான் பேசும். நல்ல எண்ணத்தில் போடும் வேலியும் நடைபாதையும்கூட நாளைக்கு ஆக்கிரமிப்புக்காரருக்கு எல்லைக்கோடாக மாறிவிடும்.

அடுத்தது கரை. கரைமேல் பெரிய மரம் வேண்டவே வேண்டாம். ஏரிக்கரை என்பது மண்ணைக் கொட்டி இறுக்கிய அணை. வேம்போ தூங்குமூஞ்சியோ அதில் வேர் விட்டால், மரம் உயிரோடு இருக்கிறவரை தெரியாது. செத்த பிறகு வேர் மக்கி, கரைக்குக் குறுக்கே பொந்து விடும். அடுத்த மழையில் ஏரி நிறையும்போது வெளிச்சரிவில் முதலில் ஈரம் தெரியும், பிறகு தெளிந்த தண்ணீர் கசியும், அதற்குப் பிறகு தண்ணீர் மண்ணோடு கலங்கி வரும். கலங்கி வர ஆரம்பித்தால் கரை உள்ளே அரிகிறது என்று அர்த்தம். மணல் மூட்டைக்கு ஓட வேண்டிய நேரம். இன்னொன்று புயல். 2016 டிசம்பரில் வர்தாவில் சென்னை முழுக்க மரம் சாய்ந்ததே, கரைமேல் நிற்கும் மரம் அப்படிச் சாய்ந்தால் வேர்ப்பிடிப்போடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

கரையின் உட்சரிவுக்கு வெட்டிவேர், நாணல். இரண்டும் அலையடியைத் தாங்கும். வெட்டிவேரை 15 செ.மீ. இடைவெளியில், சமமட்ட வரிசையாக, வரிசைக்கு வரிசை 1 மீட்டர் விட்டு நடுங்கள். மரம் நட்டே ஆக வேண்டும் என்றால் வெளிச்சரிவின் அடியை விட்டுத் தள்ளி, தட்டையான நிலத்தில். அங்கே 3 மீட்டருக்கு ஒரு பனை வைக்கலாம்.

உள்வாயில் கன்றுக்கு மேடு கட்டினால் கொள்ளளவு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் 400 மேடும் சேர்ந்து சில நூறு கன மீட்டர்தான். 45 ஏக்கர் ஏரியில் அது சொற்பம். சிக்கல் வேறு இடத்தில். வரத்துக் கால்வாய் ஏரிக்குள் விரியும் இடத்தில் மரம் நின்றால் பிளாஸ்டிக் பையும் துணியும் தண்டில் சுற்றி அணை கட்டிவிடும். மேலே இருக்கும் தெருக்களில் தண்ணீர் வடியாது. வாய்க்கு முன்னால் குறைந்தது 50 மீட்டர் அகலத்துக்கு எதுவும் நடாமல் திறந்தே விடுங்கள்.

கலங்கல் உயரத்தையும் தொட வேண்டாம். தண்ணீர் நிறைய நிற்கட்டும் என்று ஒரு வரிசைக் கல் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கிறது. அவ்வளவு தண்ணீருக்கும் வழி அந்த ஒரு மடுவு. நீங்கள் ஒரு அடி உயர்த்தினால் நனைவது உங்களுக்கு மேலே இருக்கும் வீடு. மழை உச்சத்தில் கரை உடைந்தாலோ உங்களுக்குக் கீழே இருக்கும் வீடு.

உள்ளான்:

பறவைக்காக என்று சொன்னதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் சும்மா கிடக்கிறது என்று சொல்லும் அந்த மேற்கு உள்வாய்தான் ஏரியிலேயே பறவைக்கு மிக நல்ல இடம். அதில் 400 மரம் நட்டால் இப்போது வருகிறவையும் வராது.

நீர்ப்பறவை ஒவ்வொன்றுக்கும் கால் நீளமும் அலகு நீளமும்தான் வீட்டு எல்லை. பட்டாணி உப்புக்கொத்தி ஈரச் சேற்றின் மேலேயே ஓடி மேயும். பொரி உள்ளானுக்கு 5 செ.மீ. தண்ணீருக்குள் இருக்க வேண்டும். நெடுங்கால் உள்ளான் 15 செ.மீ. வரை இறங்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை தலையைக் கவிழ்த்து அடிச்சேற்றைத் தொட வேண்டுமென்றால் 20 முதல் 40 செ.மீ. நத்தைகுத்தி நாரைக்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கும் முழங்காலளவு. முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடாவுக்குத்தான் ஆழம் தேவை. ஆக, வலசை வரும் பறவைகளில் பெரும்பங்கு அரை மீட்டருக்குக் குறைவான தண்ணீரில் பிழைக்கிறது. அவை குளிர்காலத்துக்கு வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்புகின்றன. ஜனவரியிலிருந்து ஏரி மெல்ல வற்றிக்கொண்டே வரும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, தினமும் புதிதாக ஒரு பட்டைச் சேறு வெளியே வருகிறது. அதிலுள்ள புழுவும் நத்தையும் பூச்சிக் குஞ்சுகளும்தான் சாப்பாடு.

இப்போது ஆழப்படுத்துவதற்கு வருகிறேன். சென்னையில் ஜனவரிக்குப் பிறகு ஆவியாதலிலும் ஊறலிலும் ஏரி மட்டம் மாதத்துக்குச் சுமார் 15 முதல் 20 செ.மீ. இறங்கும். கரைச்சரிவு 1-க்கு 2 என்று செங்குத்தாக வெட்டியிருந்தால், 15 செ.மீ. இறக்கத்துக்கு வெளிவரும் சேற்றுப் பட்டையின் அகலம் 30 செ.மீ. சரிவு 1-க்கு 20 என்றால் அதே இறக்கத்துக்கு 3 மீட்டர். உங்கள் உள்வாய் இயற்கையாகவே அதைவிடச் சாய்வு குறைந்தது. கிழக்குப் பக்கம் தோண்டிய 6 ஏக்கரை வருகிற ஜனவரியில் போய்ப் பாருங்கள், நாலைந்து நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டும் இருக்கும். மொத்த ஏரியையும் சட்டி மாதிரி குடைந்துவிட்டால் தண்ணீர் நிற்கும், பறவை நிற்காது.

தூர் வாரவே கூடாது என்று சொல்லவில்லை. ஆழம் ஒரு பக்கம் இருப்பது நல்லது, கோடையில் மீன் தங்க இடம் வேண்டும். அந்த 6 ஏக்கர் போதும். அதன் மேற்கு விளிம்பை மட்டும் 1-க்கு 10 அளவில் சரித்துவிடச் சொல்லுங்கள். தோண்டிய மண் எங்கே போகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள்: ஒரு ஏக்கரில் 1 மீட்டர் எடுத்தால் 4,000 கன மீட்டருக்கு மேல் வரும், டிப்பரில் 600 நடை. போக இடமில்லாமல் அதைத்தான் உள்வாயில் கொட்டிச் சமப்படுத்திவிட்டுப் போவார்கள்.

இந்த ஊரில் திறந்த வெளி என்றாலே காலி மனை என்று பார்த்துப் பழகிவிட்டோம். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கி.மீ.தான். அதற்குள்ளும் வெளிமானுக்குப் புல்வெளிதான் வேண்டும், நிழல் மரம் அல்ல. போலோ மைதானம் என்று சொல்லப்படும் திறந்தவெளியில் சீமைக் கருவேலமும் கொடிகளும் ஏற ஏற, வெளிமானுக்கு இடம் சுருங்கிற்று. புள்ளிமானுக்கு அது பொருட்டில்லை. நன்மங்கலம் காப்புக்காட்டிலும் அதே கதை. கொம்பன் ஆந்தை அங்கே இருப்பது பழைய கல்குவாரியின் பாறை விளிம்புக்காகவும் சுற்றியுள்ள முட்புதருக்காகவும். அடர்ந்த காடாக்கினால் அது போய்விடும். சேறு, கோரை, முட்புதர், புல் எல்லாமே வாழிடம்தான்.

பனங்காடை:

வேடந்தாங்கலில் மரமெல்லாம் தண்ணீருக்குள்தானே நிற்கிறது? அங்கே பறவை குவிகிறதே. ஒரேயடியாக மரம் வேண்டாம் என்றால் எப்படி?

உள்ளான்:

நியாயமான கேள்வி. வேடந்தாங்கலில் நிற்பது பெரும்பாலும் நீர்க்கடம்பு. மாதக்கணக்கில் அடிமரம் மூழ்கி நின்றாலும் அழுகாத மரம். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் நரியும் ஏறி வராது, அதனால் கூடு கட்டுகின்றன. ஆனால் அங்கே கூடு கட்டும் நாரையும் கொக்கும் இரைக்கு வெளியே போகின்றன. சுற்றுவட்டார வயலும் ஆழமில்லாத ஏரிகளும் இல்லையென்றால் அந்த மரங்களில் கூடு இருக்காது. உங்கள் ஏரி அப்படிப்பட்ட இரைநிலம்.

ஆழமான கிழக்குப் பக்கத்தில், கரையிலிருந்து 30 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, 15 அல்லது 20 நீர்க்கடம்பை ஒரே தொகுப்பாக வைக்கலாம். 500 பேர் வந்து நடும் வேலை அல்ல அது. மண்திட்டு போடுவதாக இருந்தால் ஏப்ரலிலும் திட்டைச் சுற்றி முக்கால் மீட்டர் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சரியாகக் குஞ்சு பொரிக்கும் நேரத்தில் நாய்கள் நடந்தே போய்விடும். தூர்வாரிய மண்ணைக் குவித்துத் திட்டு போட்ட பல இடங்களில் தோல்வி இப்படித்தான் வந்தது. திட்டு முழுக்க மரம் வைக்காமல் பாதியைக் கிளிஞ்சலும் சரளையுமாக வெறுமையாக விடுங்கள். ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் தரையில்தான் முட்டை வைக்கும்.

கரையோரம்:

நன்றி. உள்வாய்த் திட்டத்தைக் கைவிடச் சொல்லிச் சங்கத்தில் பேசுகிறேன். ஆனால் நிதி கன்றுக்கென்றே வருகிறது. எங்கே, எத்தனை, எப்போது? ஆகாயத்தாமரைக்கும் வழி சொல்லுங்கள்.

நொச்சி:

மேடம் / சார், முதலில் தேதி. ஜூன் 5 சென்னையில் கன்று நடுவதற்கு வருடத்திலேயே மோசமான நாட்களில் ஒன்று. கத்திரி முடிந்து ஒரு வாரம், மண் ஒரு முழ ஆழத்துக்குச் சூடாக இருக்கும். தென்மேற்குப் பருவம் நமக்கு எப்போதாவது சாயங்கால இடிமழைதான். இந்த ஊர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுவுக்குள் நட்டால், மூன்று மாத ஈரத்தில் வேர் இறங்கிவிடும். முதல் கோடையைத் தாங்கும்.

நிறுவனத்துக்கு ஜூன் 5 முக்கியம் என்றால் அன்றைக்கு நாற்றங்கால் போடச் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில்தான் நாவலும் வேம்பும் பழுத்து உதிரும். இரண்டு விதையையும் நெடுநாள் வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். நாவல் கொட்டையைக் கழுவிய கையோடு, அதிகம் போனால் பத்து நாளுக்குள் பையில் ஊன்ற வேண்டும். அன்று ஊன்றியது அடுத்த வருடச் செப்டம்பரில் இடுப்பளவு கன்றாக நிற்கும். பனங்கொட்டை ஆகஸ்ட், செப்டம்பரில் கிடைக்கும். பையில் வளர்க்க வேண்டாம், நேராகக் குழியில் ஒரு சாண் ஆழத்தில் போடுங்கள். முதலில் கிழங்கு கீழே இறங்கும், இலை வெளியே வர மாதங்கள் ஆகும். முளைக்கவில்லை என்று நினைத்துத் தோண்டிப் பார்த்து அதைக் கொன்றுவிடுகிறார்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

எண்ணிக்கை: 500 வேண்டாம், 120 போதும். காரணம் தண்ணீர். முதல் இரண்டு கோடைக்கும் கன்றுக்கு வாரம் இரண்டு முறை 15 லிட்டர். 500 கன்றென்றால் வாரத்துக்கு 15,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேல், மார்ச் முதல் ஜூலை வரை. நடுகிற நாளில் நூறு பேர் இருப்பார்கள், மே மாதத்தில் ஒரு காவலாளிதான் இருப்பார். 120 என்றால் வாரம் 3,600 லிட்டர், சமாளிக்கலாம். மிச்சப் பணத்தை இரண்டு வருடப் பராமரிப்புக்கென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் அந்தத் தொகை பேனருக்கும் டி-சர்ட்டுக்கும் போகும்.

இடம்: கரைக்கு வெளியே, சரிவின் அடியிலிருந்து 5 மீட்டர் தள்ளி. சாலையோரம், குடியிருப்பு மதிலோரம். குழி 60 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணைத் தனியாக வைத்து, அதில் நாலில் ஒரு பங்கு மக்கிய எரு கலந்து அடியில் போடுங்கள். கட்டட இடிபாடு வந்தால் அந்தக் குழியை விட்டுவிடுங்கள், வேர் இறங்காது. பையை முழுக்கக் கிழித்து எடுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் நட்டால் ஐந்தாறு வருடம் நன்றாக வளர்ந்து ஒரு காற்றில் மொத்தமாகச் சாயும்.

மரம்: இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரியது உலர் பசுமைமாறாக் காடு. வீரை, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை, நுணா, வெப்பாலை, மகிழம், அடியில் காரை, சூரை, ஆதொண்டை. இவை மெதுவாக வளரும், ஆனால் காற்றுக்கு அசையாது. பழம் கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் மரநாய்க்கும். ஆதொண்டை இலையில் வெள்ளை, மஞ்சள் நிறச் சிறு பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். ஈரம் நிற்கும் பக்கம் புங்கம், பூவரசு, நாவல். இடைவெளி மரத்துக்கு 4 மீட்டர், புதருக்கு ஒன்றரை. கோனோகார்பஸ் கன்று யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசே அதற்குத் தடை போட்டிருக்கிறது. குல்மோகர் கிளை முறியும்.

உள்வாயில் சீமைக் கருவேலம் இருந்தால் ஒரே மூச்சில் வழிக்க வேண்டாம். கூடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பருவம் முடியட்டும். வெட்டுவது என்றால் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை, அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். தரைக்குக் கீழே ஒரு அடி வரை தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும்.

மண்வெட்டி:

ஆகாயத்தாமரைக்கு என் பங்கு. அது நோயல்ல, அறிகுறி. சாக்கடை வருகிறவரை அது வரும். மழையே இல்லாத ஏப்ரலில் காலை 6 முதல் 8 மணிக்குள் வரத்துக் கால்வாய்க்குப் போங்கள். மழைநீர் வடிகாலில் அப்போது தண்ணீர் ஓடுகிறதென்றால் அது மழைநீர் அல்ல. அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ஆள்நுழைவுக் குழி மூடியாகத் திறந்து பார்த்தால் எந்தத் தெருவில் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும். மூடியைத் திறக்க மாநகராட்சி, குடிநீர் வாரிய ஊழியர் உடன் இருக்கட்டும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, எட்டிப் பார்ப்பது மட்டும்தான். விஷவாயு சொல்லிக்கொண்டு வராது. புகார் கொடுக்கும்போது தெரு, குழி, நேரம், படம் என்று கொடுங்கள். "ஏரியில் சாக்கடை கலக்கிறது" என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது.

அளவைப் பாருங்கள். 45 ஏக்கரில் மூன்றில் ஒன்று 15 ஏக்கர், சுமார் 6 ஹெக்டேர். அடர்ந்து கிடந்தால் ஹெக்டேருக்குப் பச்சையாக 200 டன்னுக்கு மேல். மொத்தம் 1,200 டன், பத்து டன் டிப்பரில் 120 நடை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். எடுத்து இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு ஏற்றினால் பத்துப் பதினைந்து நடையில் முடியும். காயவைக்கும் இடம் கரையின் வெளிப்பக்கம். உட்சரிவில் குவித்தால் அழுகிய சாறு திரும்ப ஏரிக்குள் போய் அடுத்த தலைமுறைக்கு உரமாகும், முதல் மழைக்கு மிச்சமும் மிதந்து உள்ளே வரும். இதுதான் வழக்கமாக நடப்பது.

காலம் ஜூன் முதல் ஆகஸ்ட். தண்ணீர் வற்றும்போது பாதிச் செடி சேற்றில் தங்கிக் காய்ந்துபோகும், அதை ஆட்களே வாரலாம். மிதக்கும் பகுதிக்கு மட்டும் இயந்திரம். ஊதாப் பூ வருவதற்கு முன் எடுப்பது முக்கியம். விதை சேற்றில் 15 வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. வெயிலும் சாக்கடையும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அதனால் வாரம் ஒருநாள் பரிசலில் இரண்டு பேர் போய் மிச்சத்தைப் பொறுக்க வேண்டும். வரத்து வாயைச் சுற்றி ஒரு மிதவைத் தடுப்புப் போடுங்கள்: 110 மி.மீ. பி.வி.சி. குழாயை இரண்டு முனையும் மூடி, நைலான் கயிற்றில் கோத்து, கீழே 30 செ.மீ. வலை தொங்கவிட்டால் போதும். புதிய செடி அந்த வளையத்துக்குள்ளேயே நிற்கும். அக்டோபர் பிறக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள், வெள்ளத்தில் குப்பை கட்டிக்கொள்ளும்.

முழுக்க என்று எழுதியிருந்தீர்கள். ஆகாயத்தாமரையை முழுக்க எடுங்கள், மிதக்கும் இலை எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். அல்லி இருக்கும் ஓரங்களை இயந்திர ஓட்டுநருக்குக் கொடி கட்டிக் காட்டுங்கள். இலைக்கோழியும் தாழைக்கோழியும் அதை நம்பி இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. அடிச்சேற்றைக் கிளறினால் மீன் சாகும். பிராணவாயு விடியற்காலையில்தான் மிகக் குறைவு. காலை 6 மணிக்கு அளந்து லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். கெண்டை வகைகள் முதலில் மிதக்கும். மேற்காற்றைச் சுவாசிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி தப்பித்து, பிறகு ஏரி முழுக்க அதுவாகவே இருக்கும்.

காய்ந்ததை எருவாக்கலாம். சாக்கடை ஏரிச் செடி கன உலோகத்தை உறிஞ்சியிருக்கும், ஆகவே கீரைப் பாத்திக்கு வேண்டாம், மரக்குழிக்குப் போடுங்கள்.

புற்று:

பாம்பு பற்றி யாரும் தொடவில்லை. ஜூன் 5 அன்று குழந்தைகளையும் தன்னார்வலர்களையும் வைத்துக் கையால் புதர் பிடுங்க வைக்காதீர்கள். பள்ளிக்கரணை வட்டாரத்தில் கண்ணாடி விரியன் உண்டு. அது முட்டையிடாது, குட்டி போடும். ஜூன், ஜூலை அதற்கான மாதங்கள். ஒரு ஈற்றில் 20 முதல் 40 வரை. பிறந்த குட்டிக்கும் நஞ்சு உண்டு. காய்ந்த புல்லில் அது கண்ணில் படாது.

புதரை அடியோடு வெட்டினால் பாம்பு ஒழியாது, இடம் மாறும். வேறு மறைவிடம் உங்கள் கார் நிறுத்தமும் மின்மோட்டார் அறையும்தான். நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டருக்குப் புல்லைக் கணுக்கால் உயரத்தில் வைத்திருங்கள், அதற்கு அப்பால் கை வைக்க வேண்டாம். குப்பைத்தொட்டி திறந்திருந்தால் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. கரையோரக் குப்பையைத் தினமும் எடுத்தாலே புகார் பாதியாகும். கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை, வடிகால் வாய்க்குச் சல்லடை, இரவில் டார்ச், மூடிய செருப்பு. தண்ணீரில் தலை தூக்கி நீந்துவது அநேகமாகத் தண்ணீர்ப் பாம்பு, கடித்தாலும் நஞ்சில்லை. சாரையையும் அடிக்காதீர்கள், எலி பிடிப்பது அதுதான்.

கடிபட்டால் இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது. கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குச் சட்டம் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, 108. தனியார் மருத்துவமனையில் நஞ்சு முறிவு மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துக் குடியிருப்புப் பலகையில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அரசுப் பொது மருத்துவமனை. எந்தப் பாம்பு என்று பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பது. அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுக்கிறவர்களும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்.

கரையோரம்:

எல்லாருக்கும் நன்றி. நிறுவனத்திடம் தேதியைப் பற்றிப் பேசிவிட்டேன், ஜூன் 5 நாற்றங்கால், அக்டோபரில் 120 கன்று என்பதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள். கடைசியாக ஒன்று. கரைமேல் சுற்றிலும் சிமென்ட் கல் நடைபாதையும் 40 மின்கம்பமும் கேட்கிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

மதகடி:

சிமென்ட் கல் வேண்டாம். கரையில் வெடிப்பு, உள்வாங்கல், எலி வளை எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல் பாவினால் தெரியாது. 2 மீட்டர் அகலத்துக்குச் செம்மண் கிராவல், உருளை ஓட்டி இறுக்கியது, ஏரிப் பக்கமாக லேசான சரிவு. மழைநீர் வெளிச்சரிவில் ஓடி அரிக்காது. பாதை குடியிருப்புப் பக்கம் மட்டும் போதும், உள்வாயைச் சுற்றி வேண்டாம்.

உள்ளான்:

விளக்கும் அப்படியே. குடியிருப்புப் பக்கம் மட்டும், முழங்கால் உயரக் கம்பம், வெளிச்சம் தரையில் விழும்படி மேல் மூடி, மஞ்சள் நிறம், 2,700 கெல்வினுக்கு மேல் போகாமல். இரவு 9 மணிக்கு அணைந்துவிடும்படி டைமர். தண்ணீரில் வெளிச்சம் விழுகிறதா என்று கம்பம் நடுவதற்கு முன் ஒரு விளக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள். மிச்சப் பணத்தில் மதகுச் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடாக அளவுகோல் எழுதி, வாரம் ஒருமுறை மட்டத்தைக் குறிக்க ஒருவரை வையுங்கள். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மட்டக் குறிப்பையும் பறவைப் பட்டியலையும் சேர்த்து இங்கே போடுங்கள். எந்த மட்டத்தில் எது வருகிறது என்று அடுத்த வருடம் தூர் வாருவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.